ரோசாப்பூ போட்ட மசாலா தேத்தண்ணி: வாசம் டப்பாவுல இருக்கு, கோப்பையில இல்ல

ஹப்புத்தளைப் புள்ள எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஹப்புத்தளையில இருந்து எழுதுறேன். வீட்டோட சேத்து ரெண்டு ரூம் கட்டி, லிப்டன் சீட் பாக்க வர்றவங்களுக்கு வாடகைக்கு விடுறோம். விடியக்காலம் 5 மணிக்கு மலை ஏறப் போறவங்களுக்கு ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி ஊத்திக் குடுத்து அனுப்புறது அம்மா தொடங்கி வச்ச வழக்கம். அம்மா 28 வருசம் கொழுந்து எடுத்தவங்க. எங்க வீட்டுல போடுறது ரெண்டே வகைதான்: இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டி, இல்லாட்டி பால்மா டீ.

போன மாசம் மெல்பர்ன்ல இருக்கிற சின்னம்மா மகள் ஒரு தகர டப்பா அனுப்பினா. மேல "புளோரல் சாய்"னு எழுதியிருக்கு. உள்ள கறுந்தேயிலை, ஏலக்காய், கறுவா, கராம்பு, சுக்கு, மிளகு, ரோசா இதழ், நீல நிறத்துல கார்ன்பிளவர்னு ஒரு பூ, கொஞ்சம் மஞ்சள் இதழ். மூடியைத் திறந்ததும் கல்யாண வீட்டு வாசல்ல பன்னீர் தெளிச்ச மாதிரி ஒரு வாசம். அம்மா ரெண்டு தரம் மோந்து பாத்துட்டு, "இதுல தேயிலை வாசம் எங்கடி?"ன்னு கேட்டாங்க.

முதல் நாள் நம்ம வழக்கப்படியே போட்டேன். தண்ணி பாதி, பால் பாதி, மூணு கரண்டி தூள், பொங்கப் பொங்க 10 நிமிசம். கறுவாவும் கராம்பும் நல்லா இறங்கிச்சு. ரோசா வாசம் குசினி முழுக்க நின்னுச்சு, கோப்பையில ஒரு துளி இல்ல. குடிச்சு முடிக்கிற நேரம் நனைஞ்ச வைக்கோல் மாதிரி ஒரு கசப்பு வேற. அடுத்த நாள் கொதிக்க விடாம, சுடுதண்ணி ஊத்தி 3 நிமிசம் மூடி வச்சேன். ரோசா வந்திச்சு. ஏலக்காய் மட்டும் பக்கத்து வீட்டுல யாரோ உடைச்ச மாதிரி தூரமா இருந்திச்சு. பால் ஊத்தினதும் சாம்பல் நிறத்துக்குப் போயிடுச்சு.

இன்னொண்ணையும் கவனிச்சேன். டப்பாவுல மேல எடுத்த கரண்டியில முழுக்கப் பூ. பாதிக்குக் கீழ போனதும் பூவே இல்ல, மிளகும் தூளும்தான். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ருசி.

அப்புறம் நானே ஒண்ணு செஞ்சு பாப்போம்னு தோணிச்சு. எங்க வேலியில பன்னீர் ரோசா இருக்கு, மருந்து எதுவும் அடிக்கிறதில்ல. இங்க இப்ப மழைக்காலம், பின்னேரம் மூணு மணிக்கே மூடுபனி இறங்கிடுது. அதனால அம்மா இதழ் எல்லாத்தையும் அடுப்புக்கு மேல பரண்ல போட்டுக் காய வச்சாங்க. நிறத்துக்கு பண்டாரவளை சூப்பர் மார்க்கெட்ல "ஹைபிஸ்கஸ்"னு ஒரு காஞ்ச பூ பாக்கெட் வாங்கிப் போட்டேன். அழகான ரத்தச் சிவப்பு. பசும்பாலைச் சூடாக்கி ஊத்தினேன், ஊத்தின கையோட திரிஞ்சு போச்சு. அன்னைக்கு ரூம்ல ஜெர்மனியில இருந்து வந்த வயசான ஒரு புருசன் பொஞ்சாதி இருந்தாங்க. வாசம் பிடிச்சு அந்த அம்மா குசினி வாசல் வரைக்கும் வந்து நின்னாங்க. அவங்க முன்னாலயே அதைக் கொட்டிட்டு பிளேன்டி போட்டுக் குடுத்தேன். மனசுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு.

எனக்கு வேண்டியது இதுதான். நம்ம ஊவா தேயிலை, நம்ம நாட்டு கறுவா ஏலக்காய், வேலி ரோசா. இதை வச்சு பாலோட குடிக்கிற மாதிரி ஒரு கலவை செய்யணும். பூவும் தெரியணும், மசாலாவும் தெரியணும், தேயிலையும் தெரியணும். எந்தக் கிரேட் தூள் வாங்கணும், எதை எவ்வளவு நேரம் போடணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.


மாத்தளைத் தோட்டக்காரன் எழுதியது:

தங்கச்சி, தேயிலை பத்தித் தெரிஞ்சவங்க வந்து சொல்லுவாங்க. நான் சரக்கு பத்தி மட்டும் சொல்லுறேன். மாத்தளையில எங்களுக்கு ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடத் தோட்டம் இருக்கு, மிளகு, கராம்பு, சாதிக்காய், கொஞ்சம் கறுவா. ஏலக்காய் மட்டும் நக்கிள்ஸ் மலைப் பக்கத்து ஆள்கிட்ட வாங்குறது.

முதல்ல அந்தத் திரிஞ்ச பால். நீங்க வாங்கின ஹைபிஸ்கஸ் நம்ம வீட்டு முத்தத்துல நிக்கிற செவ்வரத்தை இல்ல. அது புளிச்சகீரைச் சாதி. பூ விழுந்த பிறகு காயைச் சுத்தி நிக்கிற சிவப்புத் தோல் இருக்குல்ல, அதைக் காய வச்சு விக்கிறாங்க. எலுமிச்சம்பழம் மாதிரிப் புளிப்பு. அதுல பால் ஊத்தினா திரியத்தான் செய்யும், உங்க கைப்பிழை இல்ல. பால் இல்லாம, சீனி போட்டு ஆற வச்சுக் குடிக்க அது அருமையான சாமான். பால் டீ பக்கமே கொண்டு போகாதீங்க. பச்சை இஞ்சியும் அப்படித்தான், தட்டி நேரா பால்ல போட்டா சில நேரம் பாலைத் திரிச்சிடும். அதுல பாலின் புரதத்தை உடைக்கிற ஒரு நொதி இருக்கு. தண்ணியில 5 நிமிசம் கொதிக்க விட்டா அந்த நொதி செத்துடும், பிறகு பால் ஊத்தினா ஒண்ணும் ஆகாது.

கறுவா வாங்குறப்ப கையில எடுத்து உடைச்சுப் பாருங்க. நம்ம கறுவா மெல்லிசாப் பல அடுக்காச் சுருண்டு சுருட்டு மாதிரி இருக்கும், ரெண்டு விரலால நசுக்கினாப் பொடியும். தடிச்ச ஒரே தோலா, மரம் மாதிரி உடையாம இருந்தா அது கசியா, வேற சாதிப் பட்டை. மசாலா டீக்கு கசியா காரமா முன்னால வந்து நிக்கும், ரோசாவை அமுக்கிடும். நம்ம கறுவாவுக்கு இனிப்பும் மெல்லிய வாசமும் இருக்கு, பூவோட சண்டை போடாது. பூ போட்ட கலவைக்கு இதை விட்டா வேற கறுவா இல்லன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். 1867ல கண்டிப் பக்கத்து லூல்கந்துரையில 19 ஏக்கர்ல நம்ம நாட்டு முதல் தேயிலைத் தோட்டம் வைக்கிறதுக்கு எவ்வளவோ முன்னயே இந்தப் பட்டைக்காகத்தான் கப்பல் கப்பலா வந்தாங்க.

கராம்பை நகத்தால அழுத்துங்க, எண்ணெய் கசியணும். ஒரு கோப்பைத் தண்ணியில போட்டுப் பாருங்க. நல்ல கராம்பு அடியில போகும், இல்லாட்டி தலை மேல இருக்க நட்டுக்குத்தலா மிதக்கும். படுத்துக்கிட்டு மிதந்தா எண்ணெய் எடுத்த சக்கை. ரெண்டு கோப்பைக்கு ஒரு கராம்பு போதும். கூடினா நாக்கு மரத்துப் போய் ரோசாவும் தெரியாது ஒண்ணும் தெரியாது. ஏலக்காயைத் தோலோட தட்டிப் போடுங்க, பொடியா வாங்காதீங்க. பொடி ரெண்டு வாரத்துல வாசம் போயிடும்.


பழைய டீமேக்கர், தலவாக்கலை எழுதியது:

மகள், உங்க கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சேன். 31 வருசம் தேயிலை பேக்டரியில வேலை செஞ்சவன் நான், 14 வருசம் டீமேக்கரா. அம்மா கேட்டாங்க பாருங்க, "இதுல தேயிலை வாசம் எங்க"ன்னு, அதுதான் சரியான கேள்வி. அதுலருந்தே தொடங்குவோம்.

நீங்க செய்யுற பிழை ஒண்ணே ஒண்ணு. மூணு சாமானுக்கும் ஒரே நேரம் குடுக்கிறீங்க. பட்டையும் காயும் இறங்க கொதி வேணும், 7, 8 நிமிசமாவது வேணும். தேயிலைக்குக் கொதிச்ச தண்ணி வேணும், ஆனா அடுப்பு வேண்டாம், 4 நிமிசம் போதும். ரோசாவுக்கு ரெண்டும் வேண்டாம், சூடு மட்டும் வேணும். ரோசாவில இருக்கிற வாசம் ஆவியாப் போற எண்ணெய். குசினி முழுக்க மணந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. குசினிக்குப் போனது கோப்பைக்குத் திரும்பி வராது. பேக்டரியிலயும் இதே கதைதான். ட்ரையர் பக்கம் நின்னு, "ஆஹா என்ன வாசம்"னு யாராவது சொன்னா எங்க பெரிய டீமேக்கர் முகம் சுருங்கிடும். "அது நம்ம தேயிலையில இருந்து போகுது தம்பி"ன்னு சொல்லிட்டு உடனே சூட்டைப் பாக்கப் போவார்.

டப்பாவைப் பத்தி ஒண்ணு. நீலப்பூவுக்கும் மஞ்சள் இதழுக்கும் வாசம் கிடையாது, அது கண்ணுக்குப் போட்டது. ரோசா இதழ் காஞ்சா வாசம் நிறையக் குறைஞ்சிடும். அப்படியிருக்க, திறந்த உடனே பன்னீர் மாதிரி தூக்கினா பின்பக்கம் "பிளேவரிங்"னு ஒரு சொல் இருக்கான்னு பாருங்க. இருந்தா எண்ணெய் சேத்திருக்காங்க. அது குத்தம் இல்ல. ஆனா உங்க வேலி ரோசா அந்த அளவுக்கு மணக்கலையேன்னு நீங்க கவலைப்படக் கூடாது, அதுக்காகச் சொல்லுறேன்.

மேல பூவும் கீழ தூளுமாப் பிரியுறதுக்குக் காரணம் அளவு. சின்னது எப்பவும் இடுக்கு வழியா அடிக்குப் போகும், பெருசும் லேசானதும் மேல நிக்கும். சலிக்கிற மெசின்ல நாங்க வேணும்னே செய்யுறதை உங்க டப்பா லொறியில குலுங்கி வாறப்பத் தானாச் செஞ்சிருக்கு. அதனால பூ போடுற கலவைக்கு டஸ்ட், பி.ஓ.பி.எஃப் மாதிரிப் பொடியான கிரேட் எடுக்காதீங்க. அதைவிடப் பெருசா உடைஞ்ச பி.ஓ.பி கிரேட் எடுங்க. கறுவாவையும் தேயிலை அளவுக்கு உடைச்சு, ரோசா இதழைக் கையால கிள்ளிப் போடுங்க. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவா இருந்தா பிரியாது. இதைவிட நல்ல வழி, பூவைக் கலக்கவே வேண்டாம். தனியா ஒரு சின்னப் பொட்டலமாக் கட்டி பாக்கெட்டுக்குள்ள வச்சிடுங்க. எப்படியும் கடைசியிலதானே போடப் போறீங்க.

இனி எந்தத் தேயிலை. ஆடி, ஆவணியில உங்க பக்கம் கச்சான் காத்து வீசுறப்ப, கொழுந்து காஞ்சு சுருங்கி, அந்த வாட்டத்துல ஒரு வாசம் பிடிக்கும். வின்டர்கிரீன் தைலம் மாதிரி, தொண்டையில குளிர்ச்சியா ஏறும். ஜூலையில இருந்து செப்டம்பர் வரைக்கும் வர்ற அந்த சீசன் ஊவாவைத் தயவுசெஞ்சு மசாலாவுல போடாதீங்க. அதைப் பால் கூட இல்லாமக் குடிக்கணும். ஏலக்காயும் அதுவும் ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும். சீசன் இல்லாத மாசத்து ஊவா பி.ஓ.பி உங்களுக்குச் சரி. நுவரெலியா தேயிலை எடுத்தா அதுலயே ஒரு பூ வாசம் இருக்கு, பால் இல்லாம ரோசா மட்டும் போட அதுதான் நல்லது. ஆனா பால் ஊத்தினா காணாமப் போயிடும். பாலில இருக்கிற புரதம் தேயிலைச் சாயத்தோட துவர்ப்பைப் பிடிச்சு வச்சிக்கும், மெல்லிய சாயத்துக்கு மிச்சம் ஒண்ணும் இருக்காது. உங்க ரெண்டாவது நாள் சாம்பல் நிறம் அதனால வந்ததுதான். பாலுக்கு நிக்கணும்னா மூணு பங்கு ஊவாவுக்கு ஒரு பங்கு இரத்தினபுரி பக்கத்துக் கீழ்நாட்டுத் தேயிலை கலந்து பாருங்க. ஊவாக்காரங்களுக்கு இது கேக்கப் பிடிக்காது, எனக்குத் தெரியும். நானே மலைநாட்டுத் தேயிலையில வளந்தவன். ஆனா பால் ஊத்தின பிறகு அந்தக் கறுப்புச் சாயம்தான் முதுகு குடுத்து நிக்கும்.

இப்ப முக்கியமான வேலை. தூளைக் கலக்காதீங்க, முதல்ல சாயத்தைக் கலந்து பாருங்க. கொழும்புல 1883ல இருந்து தேயிலை ஏலம் நடக்குது. விக்க முன்ன ஒவ்வொரு லொட்டையும் டேஸ்டர்மார் குடிச்சுப் பாத்துத்தான் விலை மதிப்பாங்க. சர்வதேச முறையில 100 மில்லிலீட்டர் தண்ணிக்கு 2 கிராம் தேயிலை, மூடி வச்சு 6 நிமிசம். வீட்டுல ஒரே மாதிரி அஞ்சு வெள்ளைக் கோப்பை எடுங்க. ஒண்ணுல தேயிலை மட்டும். ஒண்ணுல கறுவாவும் கராம்பும் கொதிக்க வச்ச தண்ணி. ஒண்ணுல ஏலக்காய். ஒண்ணுல இஞ்சி. ஒண்ணுல ரோசா, சுடுதண்ணி ஊத்தி மூடி வச்சது. அஞ்சையும் தனித்தனியாக் குடிச்சுப் பாருங்க. கரண்டியில எடுத்து, சத்தம் வர்ற மாதிரி காத்தோட சேத்து சர்ருன்னு உறிஞ்சணும். அப்பத்தான் வாசம் தொண்டைக்குப் பின்னால வழியா மூக்குக்கு ஏறும். வெக்கப்படாதீங்க, டேஸ்டிங் ரூம்ல எல்லாரும் அப்படித்தான் உறிஞ்சுவோம். பிறகு வெறுங்கோப்பை ஒண்ணுல தேயிலைச் சாயம் அஞ்சு கரண்டி, கறுவா ஒண்ணு, ரோசா ஒண்ணு, இப்படிக் கூட்டிக் குறைச்சுப் பாருங்க. ஒரு கலவை பிடிச்சா கரண்டிக் கணக்கை எழுதி வைங்க. அந்தக் கணக்கை வச்சுத் தூளை நிறுக்கலாம். நேராத் தூளைக் கலந்தா ஒரு பிழைக்கு ஒரு கிலோ வீணாகும்.

ஹப்புத்தளை 1,400 மீட்டருக்கு மேல இருக்கு. அங்க தண்ணி 100 பாகையில கொதிக்காது, 95 கிட்டயே கொதிச்சிடும். அதனால தேத்தண்ணிப் போச்சியை முதல்ல சுடுதண்ணியால கழுவிச் சூடாக்குங்க, தண்ணி ஊத்தின பிறகு மூடியைத் திறந்து பாக்காதீங்க. கொழும்புல 3 நிமிசத்துல இறங்குற சாயம் உங்களுக்கு 4 நிமிசம் எடுக்கும்.


கோண்டாவில் தங்கச்சி எழுதியது:

ஐயா எழுதினதை அப்பிடியே அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். ஒரு விசயம் சேர்க்க வேணும் போல கிடக்கு. நான் போன வருசம் நுவரெலியாவில குடிச்ச அதே தேயிலையை வாங்கிக்கொண்டு வந்து வீட்டில போட்டால் ருசி வேற. மேல ஆடை மாதிரி ஒண்டு மிதக்கும், நிறமும் மங்கல். எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாறது, கேத்திலுக்குள்ள பாத்தால் வெள்ளையாப் படிஞ்சு கிடக்கும். மழைத்தண்ணி பிடிச்சு வச்சுப் போட்டுப் பாத்தன், பிரகாசமா வந்தது. அக்கா பாக்கெட் கட்டி வித்தால் யாழ்ப்பாணத்தில வாங்கிறவை உங்களைப் பிழை சொல்லக் கூடாது, அதுக்குத்தான் சொல்லுறன்.

மற்றது, எல்லாப் பூவும் கொதிக்கக் கூடாது எண்டு நினைக்காதேங்கோ. என்ர அம்மம்மா ஆவரசம்பூவை நல்லாக் கொதிக்க வச்சுத்தான் தருவா. சிங்கள ஆக்கள் பெலிமல் எண்டு வில்வம்பூவை அவிச்சு, கித்துள் சக்கரைக் கட்டியோட குடிக்கிறவை. அதுகள் வாசத்துக்கு இல்லை, சாறுக்கு. கொதிக்கக் கொதிக்கத்தான் இறங்கும். பால் வேண்டாம் எண்டுறவைக்கு அக்கா ஆவரசம்பூவும் வேர்க்கொம்பும் (சுக்கு) கறுவாவும் போட்டு ஒண்டு செய்து பாக்கலாம்.


ஹப்புத்தளைப் புள்ள எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஞாயித்துக்கிழமை ரூம்ல ஆள் இல்ல. காலையில ஐயா சொன்ன மாதிரி மேசையில அஞ்சு கோப்பை வச்சேன். டீமேக்கர் ஐயா சொன்ன சத்தத்தோட அம்மா உறிஞ்சுனாங்க. நான் சொல்லிக் குடுக்கவே இல்ல. மலையில நின்னு சுடச்சுட குடிச்சுப் பழகினவங்களுக்கு அது தானா வருது.

தேயிலைக் கோப்பையைக் குடிச்சுட்டு, "இது நம்ம பக்கத்துத் தூள்"னு சொன்னாங்க. ஏலக்காய்க்கு ஒண்ணும் சொல்லல. ரோசாக் கோப்பையை மூக்குக்கிட்ட கொண்டு போனவங்க அப்படியே நிறுத்திட்டாங்க. "பரண் மணக்குது"ன்னாங்க. நானும் மோந்தேன். ரோசாவுக்குப் பின்னால கருவாடு சுட்ட அடுப்பு மாதிரி ஒரு புகை. எல்லாம் சேத்துப் போட்டப்ப இது எனக்குத் தெரியவே இல்ல. அம்மா காய வச்ச இதழ் முழுக்க அவங்களே எடுத்து ரோசாச் செடி மூட்டுல கொட்டிட்டாங்க.

புதுசாப் பறிச்சு, இந்த முறை இதழோட அடியில இருக்கிற வெள்ளைத் துண்டைக் கத்தரியால நறுக்கிட்டோம். அதைக் கடிச்சுப் பாத்தேன், கசப்பு அங்கதான் இருக்கு. பழைய வெள்ளைச் சேலையை நடு ரூம்ல கட்டி, அதுல ஒண்ணு மேல ஒண்ணு படாமப் பரப்பி, ஜன்னலை லேசாத் திறந்து வச்சேன். ஆறு நாள் எடுத்திச்சு. விரல்ல நசுக்குனா சொரசொரன்னு பொடியாகுற வரைக்கும் விட்டேன். நிறம் கறுத்துப் போச்சு, வாசம் மெல்லிசா இருக்கு, ஆனா சுத்தமா ரோசா.

கரண்டிக் கணக்கு பத்து தரம் மாத்தி எழுதினேன். கடைசியில நின்னது இது, ரெண்டு கோப்பைக்கு. தண்ணி 250 மில்லிலீட்டர், விரல் நீளத்துல பாதி கறுவா, ஏலக்காய் நாலு, கராம்பு ஒண்ணு, மிளகு ரெண்டு, கட்டைவிரல் நகம் அளவு இஞ்சி. மூடி போட்டு சின்ன நெருப்புல 8 நிமிசம். அடுப்பை அணைச்சுட்டு, பி.ஓ.பி மட்டமா ரெண்டு தேக்கரண்டி, மூடி 4 நிமிசம். பசும்பால் 120 மில்லிலீட்டர் தனியாச் சூடாக்கி வச்சு, வடிச்ச சாயத்துல ஊத்துறது. ஜக்குல ரோசா இதழ் ஒரு மேசைக்கரண்டியைப் போட்டு, அதுக்கு மேல இதை ஊத்தி, மூடி வச்சு 2 நிமிசம். அப்புறம் கோப்பைக்கு வடிக்கிறது. கீழ்நாட்டுத் தூள் நாலுல ஒண்ணு கலந்தும் பாத்தேன். அம்மாவுக்கு விருப்பமே இல்ல. ஆனா நிறம் செம்பு மாதிரி வந்திச்சு, பால்ல நின்னுச்சு. கலந்ததையே வச்சுக்கிட்டேன்.

இப்ப ரோசா முதல்ல மூக்குக்கு வருது, வாய்ல தேயிலை, முழுங்கின பிறகு கறுவா. பால்மாவுல போட்டா இந்த வரிசை வரல. எல்லாம் ஒரே நேரத்துல வருது, கொஞ்சம் மாவு ருசியும் இருக்கு. அம்பேவெல பக்கத்துப் பால் பாக்கெட் இங்க கிடைக்குது, அதையே வாங்கிக்கிறேன்.

ஒரே ஒரு பிரச்சினை மிச்சம் இருக்கு. பிளாஸ்க். விடிய 4 மணிக்குப் போட்டு ஊத்தினா, அவங்க மேல ஏறி குடிக்கிறப்ப 6 மணி ஆகிடும். நான் ஊத்தி வச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சுத் திறந்து பாத்தேன். ரோசா இல்ல, பால் ஆடை வாசம்தான். பூவை உள்ளேயே போட்டு விட்டாலும் பாத்தேன், கசந்து போச்சு. மலை உச்சியில அந்தக் குளிர்ல நிக்கிறப்ப அவங்க குடிக்கிறதுதான் எனக்கு முக்கியம்.


பழைய டீமேக்கர், தலவாக்கலை எழுதியது:

மகள், அம்மாவோட மூக்குக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. புகையைத் தனியாப் பிரிச்சு எடுக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல. தேயிலையும் காஞ்ச பூவும் பக்கத்துல இருக்கிற வாசம் எல்லாத்தையும் இழுத்துக்கும். அதனாலதான் சவர்க்காரம், மண்ணெண்ணெய் எதையும் பேக்டரிக்குள்ள கொண்டு வர விடமாட்டோம். உங்க கறுவாவையும் தேயிலையையும் கூட ஒரே அலுமாரியில வைக்காதீங்க.

அந்த இழுக்கிற குணத்தை வச்சே உங்க பிளாஸ்க் பிரச்சினைக்குப் பாதி வழி இருக்கு. சீனாவுல மல்லிகைத் தேயிலை செய்யுறப்ப, ராத்திரி விரியுற மொட்டைத் தேயிலையோட அடுக்கி வச்சு, விடிஞ்சதும் பூவை எடுத்துட்டு, தேயிலையைத் திரும்பக் காய வைப்பாங்க. இப்படிப் பல தரம். உங்க பன்னீர் ரோசா விடியக்காலம்தான் நல்லா மணக்கும். பனி உலர்ந்ததும் பறிச்சு, ஒரு எவர்சில்வர் டப்பாவுல ஒரு அடுக்குத் தேயிலை, ஒரு அடுக்குப் பச்சை இதழ்னு வச்சு மூடுங்க. அடுத்த நாள் காலையில இதழ் எல்லாத்தையும் எடுத்துடுங்க. இதழோட ஈரத்தைத் தேயிலை குடிச்சிருக்கும், அதை அப்படியே விட்டா பூசணம் பிடிக்கும். ட்ரையரை விட்டு வர்ற தேயிலையில ஈரம் நூத்துக்கு 3 பங்கு அளவுதான் இருக்கும், அதுக்குத் திரும்பக் கொண்டு வரணும். எண்ணெய் படாத சட்டியில, கை வச்சாப் பொறுக்கிற சூட்டுல, கிண்டிக்கிட்டே இருங்க. கையில அள்ளி உதறினா கலகலன்னு கேக்கணும். மூணு தரம் புதுப் பூ வச்சு இதைச் செய்யுங்க. இதழ் போடாமலே வாசம் சாயத்தோட வரும், பிளாஸ்க்ல கொஞ்சம் தாங்கும்.

மீதிப் பாதிக்கு, பிளாஸ்க்ல பாலை ஊத்தாதீங்க. வடிச்ச மசாலாச் சாயத்தை மட்டும் கெட்டியா, கொதிக்கக் கொதிக்க ஊத்துங்க. பாலை இன்னொரு சின்ன பிளாஸ்க்ல குடுங்க. காஞ்ச இதழ் ஏழெட்டை ஒரு காகிதப் பொட்டலத்துல மடிச்சு, குடிக்கிற மூடியில போட்டு, அதுக்கு மேல சாயத்தை ஊத்தி, கையால மூடி நூறு எண்ணச் சொல்லுங்க. அந்தக் குளிர்ல கைக்கும் அது சுகமா இருக்கும்.

பிளாஸ்க் பழசா இருந்தா தக்கையை மோந்து பாருங்க. பால் வாடை அதுல ஏறியிருந்தா அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி போட்ட சுடுதண்ணியில ராத்திரி முழுக்க ஊற விட்டு, வெயில் வர்ற அன்னைக்குக் காய வைங்க. வாடை போகலன்னா தக்கையை மாத்திடுங்க, அதுக்கு மேல என்ன தேயிலை போட்டாலும் பிரயோசனம் இல்ல.